டாக்டர் வரட்டும்

இரவு இரண்டு மணி தாண்டியிருக்கும். கிடங்குகளுக்குப் பின்னால் போகிற நீளமான சாலை... இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன, எரிவது எங்கோ ஒன்று. நாய்கூடக் குரைக்கவில்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் என் அண்ணியின் சித்தி.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. அந்தப் பின்கதவை யாராவது சாத்துங்களேன், காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது, எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

"யாருண்ணே செத்தது?" என்று வெல்டர் இப்போதே கேட்கிறான் பாருங்கள். அவசரக்குடுக்கை. இந்தக் கதையில் யாருமே சாகவில்லை. இதில் எனக்குப் பிடிக்காத விஷயமே அதுதான். செத்தவர் என்று ஒருத்தர் இருந்தால், சரி, அவர்தான் வந்தார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு படுக்கப் போகலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

சித்தி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்குப் பெரிய சிஸ்டர். கெட்டிக்காரர். கை ராசிக்காரர் என்று பெயர். வார்டுக்குள் அவர் நுழைந்தால் சின்ன நர்சுகள் எல்லாம் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது... பூட்டு சிஸ்டர்.

பூட்டு என்றால் என்ன? விளக்கமாகவே சொல்கிறேன், கூச்சப்பட்டுத் தலையைக் குனியாதீர்கள், நாம் எல்லாரும் அந்த வழியாக வந்தவர்கள்தானே.

டாக்டரம்மாவின் வீடு ஊரின் அந்தக் கோடியில். இராத்திரியில் கூப்பிட்டால் வந்து சேர நேரமாகும். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால் டாக்டரம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "நான் வராம ஒரு தலையும் வெளிய வரக் கூடாது. அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்பார். பிள்ளை என்ன, கடிகாரம் பார்த்துக்கொண்டா வரும்? அதனால் அந்த வார்டில் ஒரு பழக்கம் உண்டானது. தலை தெரிந்துவிட்டது, டாக்டர் இன்னும் வரவில்லை என்றால், நர்சு ஒரு துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் அந்தத் தலையை வெளியே வராமல் பிடித்துக்கொள்வாள். இன்னொருத்தி பிரசவக்காரியின் இரண்டு முழங்காலையும் சேர்த்து அமுக்குவாள். "முக்காதம்மா, வாயால மூச்சு விடு, அடக்கிக்கோ." அதுதான் பூட்டு. பூட்டுப் போடச் சொல்கிற உத்தரவு இரண்டே வார்த்தை. பெரிய சிஸ்டர் வாசலில் நின்று, "டாக்டர் வரட்டும்" என்பார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. டாக்டரம்மா ஓடி வருவார், கையுறை மாட்டுவார், பிள்ளை வழுக்கிக்கொண்டு வரும், எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஒன்றும் ஆகாத வரைக்கும் எல்லாத் தப்பும் பழக்கம்தான். நம் லிஃப்ட் தொழிலில் மட்டும் என்ன வாழ்கிறது?

ஒரு மழைநாள் இராத்திரி அப்படி ஒன்று ஆகிவிட்டது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற தையல்காரி ஒருத்தி, முதல் பிரசவம். தலை தெரிந்த பிறகு டாக்டரம்மாவின் கார் தண்ணீரில் நின்றுபோனது. அன்றைக்குப் பிடித்துக்கொண்டிருந்தது வேறு யாரும் இல்லை, சித்தியேதான். சின்ன நர்சுகளை நம்பவில்லை. தையல்காரி முதலில் கத்தினாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் கெஞ்சினாள். "விடுங்க சிஸ்டர்... என்னால முடியல... தயவு செஞ்சு விட்டுடுங்க..." சித்தியின் கை எடுபடவில்லை. டாக்டரம்மா வந்தபோது பிள்ளை நீலம் பூத்திருந்தது. அழவில்லை. தட்டி, உறிஞ்சி, காற்று அடித்து, எப்படியோ உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். உயிரை மட்டும்தான். கழுத்து நிற்கவில்லை, பேச்சு வரவில்லை, கண் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

வெளியே நின்ற புருஷனிடம் சித்தி என்ன சொன்னார் தெரியுமா? "உங்க வீட்டம்மா சரியா முக்கல." அதையும் அந்த வார்டில் எல்லா நர்சுக்கும் பாடமாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

கேளுங்கள், இதுதான் கொடுமை. தையல்காரி அதை நம்பிவிட்டாள். பையனை உடற்பயிற்சிக்காக அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருவாள். பையன் வளர்ந்துகொண்டே போனான், தலை மட்டும் அவள் தோளில் சாய்ந்தபடியே இருந்தது. தாழ்வாரத்தில் சித்தியைப் பார்த்தால் நிற்பாள். "அன்னிக்கு நான் இன்னும் கொஞ்சம் நல்லா முக்கியிருந்தா இவன் நடந்திருப்பான்ல சிஸ்டர்?" என்று கேட்பாள். சித்தி, "விடும்மா, உன் மேல என்ன தப்பு, உனக்கு என்ன தெரியும்" என்று அவள் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அண்ணி இதை எனக்குச் சொன்னபோது பற்றிக்கொண்டு வந்தது. தட்டிக் கொடுத்ததும் அந்தக் கைதானே!

இனி அந்த இரவுக்கு வருகிறேன்.

சித்திக்கு ஒரே மகள். தவமிருந்து பெற்ற பிள்ளை என்பார்களே, அப்படி. அவளுக்குத் தலைப்பிரசவம். நம்ம ஆஸ்பத்திரி இருக்கும்போது வேறெங்கே போவது என்று சித்தி அங்கேயேதான் சேர்த்திருந்தார். சாயங்காலம் லேசாக வலி. "இது காலைலதான்" என்று சித்தியே பார்த்துச் சொல்லிவிட்டு, குளித்து உடை மாற்றிக்கொண்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனார். எத்தனையோ பிரசவம் பார்த்த கண், பெற்ற மகளிடம் பிசகிவிட்டது. நடு இராத்திரி தாண்டி சின்ன நர்சு போன் செய்தாள்.

"சிஸ்டர், அக்காவுக்கு ரொம்ப வேகமா இறங்குது. நீங்க உடனே வாங்க."

சித்தி ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே பேசினார். "இதோ கிளம்பிட்டேன். பதறாதீங்க. டாக்டர் வரட்டும்."

போனைக் கட்டிலில் போட்டார், கதவைப் பூட்டினார், ஸ்கூட்டரை எடுத்தார்.

அவர் சொல்ல நினைத்தது வேறு. டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள், அவரும் வந்துவிடட்டும், நானும் வருகிறேன். அவ்வளவுதான். நாக்குக்குப் பழக்கம், பதறினால் அந்த இரண்டு வார்த்தைதான் முதலில் வரும். ஆனால் அந்த வார்டில் அந்த இரண்டு வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அதைச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

கிடங்குச் சாலையில் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. என்ன சொன்னேன்... ஐயையோ, நான் என்ன சொன்னேன்? சட்டென்று பிரேக் பிடித்தார். பையைத் துழாவினார். சாவி, கைக்குட்டை, மகளுக்கு எடுத்து வந்த உள்பாவாடை... போன் இல்லை. அது கட்டிலில் கிடக்கிறது. திரும்பிப் போவதா, முன்னால் போவதா? அந்த இடத்தில் கடையும் இல்லை, வீடும் இல்லை, போனைக் கடன் வாங்கிப் பேச ஒரு ஆளும் இல்லை. மதில்தான் இருக்கிறது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

அப்போது பின்னால் ஒரு சத்தம்.

டப்.

சின்னச் சத்தம். இரப்பரை இழுத்து விட்டால் வருமே, அந்தச் சத்தம். நீங்களும் நானும் என்றால் ஏதோ டயர், ஏதோ டப்பா என்று விட்டுவிடுவோம். சித்திக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் தெரியும். கையுறையை மணிக்கட்டு வரை இழுத்துவிடும்போது வருகிற சத்தம் அது.

திரும்பிப் பார்த்தார். சாலை காலியாக இருந்தது.

டப். இன்னொரு கை.

கூடவே வாசனை. கையுறைக்குள் தூவியிருக்கும் மாவு வாசனையும் லோஷன் வாசனையும். அந்தக் காற்றில், அந்தப் புழுதியில், அது வர நியாயமே இல்லை. சித்தி அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கினார். ஒரே நினைப்புதான்... தலை தெரிவதற்குள் போய்ச் சேர வேண்டும். போய், பிடிக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உலகத்தில் அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். சித்தி ஸ்கூட்டரை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். பிரசவ வார்டு நாலாவது மாடி. படிக்கட்டுப் பக்கம் போனால் இரும்பு கேட் பூட்டிக் கிடக்கிறது.

"சாவி எங்கப்பா?"

"மேல டூட்டி ரூம்ல சிஸ்டர். ராத்திரில பூட்டி வைக்கச் சொல்லி ஆர்டர் ஆச்சே. லிஃப்டுல போங்க, லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது."

"மேல போன் போட்டு, யாரும் பிடிக்கக் கூடாதுன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

"எதைப் பிடிக்கக் கூடாது சிஸ்டர்?"

பாவம், அவருக்கு என்ன தெரியும்! விளக்க நேரம் இல்லை. சித்தி லிஃப்டுக்குள் பாய்ந்து நாலை அழுத்தினார். அந்த லிஃப்டைச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெச்சர் போகிற மாதிரி நீளமான கேபின். மூன்று பக்கமும் தகரம். பகலில் லிஃப்ட் ஓட்டுகிறவர் உட்காருகிற முக்காலி ஒன்று மூலையில். கதவு மூடியது. ஒன்று... இரண்டு... மூன்று தாண்டியது.

நின்றுவிட்டது.

குலுங்கவில்லை, இழுக்கவில்லை. யாரோ மேலே இருந்து உள்ளங்கையால் பிடித்து நிறுத்தியது மாதிரி மெதுவாக நின்றது. விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்தது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அப்புறம் ஒரே இருட்டு.

சித்தி மணியை அழுத்தினார். ஒலிக்கவில்லை. சுவரில் இருந்த போனை எடுத்தார். செத்த போன். கதவைக் குத்தினார், தகரத்தைக் குத்தினார். "வாட்ச்மேன்! யாராவது! மேல யாரு இருக்கீங்க!" அந்தச் சத்தம் எல்லாம் கேபினுக்குள்ளேயே சுற்றி அவர் காதிலேயே வந்து விழுந்தது. நமக்குத் தெரியும், மாட்டிக்கொண்ட லிஃப்டில் மூச்சு முட்டாது, காற்று வர வழி இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு அதைச் சொல்லிப் பாருங்கள்.

பிரசவ அறை லிஃப்டை ஒட்டின அறை. அதனால் கேட்டது. முதலில் ட்ராலி உருளுகிற சத்தம். அப்புறம் தட்டில் கத்தரிக்கோல் விழுகிற சத்தம். அப்புறம்... அவருடைய மகள்.

"அம்மா! அம்மாவ வரச் சொல்லுங்க! அம்மா!"

பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும் சொல்லுங்கள். ஒரு சுவர்தான் நடுவில். சித்தி சுவரோடு வாயை வைத்துக் கத்தினார். "விடுங்கடி! முக்க விடுங்க! பிடிக்காதீங்க! நான் சும்மா சொன்னேன்டி! தெரியாம சொல்லிட்டேன்!" அந்தப் பக்கம் யாருக்கும் கேட்ட மாதிரி தெரியவில்லை. மகளின் குரல் மாறிக்கொண்டே வந்தது. எந்த நேரத்தில் எந்தக் குரல் வரும் என்று சித்திக்கு அத்துப்படி. இதோ, இப்போது தலை தெரியும். இப்போது ஒரே ஒரு தடவை விட்டால் போதும், பிள்ளை வந்துவிடும்.

மகளின் குரல் கெஞ்சலாக மாறியது. வார்த்தை புரியவில்லை. அந்த இழுப்பு புரிந்தது. அதை அவர் முன்பு ஒரு மழைநாளில் கேட்டிருக்கிறார்.

நகம் பிய்ந்தாலும் பரவாயில்லை என்று உள்கதவை இரண்டு கையாலும் பிளந்தார். திறந்தது. எதிரே சுவர். பச்சை சிமெண்டு. சுவருக்கு மேலே, நெற்றிக்கு மேல் உயரத்தில், நாலாவது மாடியின் தரை. அதற்கு மேல் வெளிக்கதவின் அடிப்பகுதி.

அந்த வெளிக்கதவு திறந்திருந்தது.

இங்கே நிற்கிறேன். நீங்கள் எல்லாரும் லிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள். கேபின் சரிமட்டத்துக்கு வராமல் வெளிக்கதவு திறக்குமா? திறக்காது. திறக்கக் கூடாது என்றுதானே கொக்கி வைத்திருக்கிறோம். அந்த லிஃப்டை அப்புறம் போய்க் கழற்றிப் பார்த்தவன் நான். கொக்கி, ஸ்பிரிங், ஒயர்... எதிலும் ஒரு குறை இல்லை. ஆனால் அன்றைக்குத் திறந்திருந்தது. அகலமாக இல்லை, ஒரு தலை நுழைகிற அளவுக்கு. தாழ்வார விளக்கு அந்த இடுக்கு வழியாகக் கோடாக விழுந்துகொண்டிருந்தது.

மாட்டிக்கொண்டால் ஏறி வெளியே வராதே என்பது நம் தொழிலில் முதல் பாடம். சித்திக்கு அது யார் சொன்னது? சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா? மகள் அங்கே கெஞ்சுகிறாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். தரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, உச்சந்தலையை முன்னால் விட்டு இடுக்குக்குள் நுழைத்தார். தலை போனது. தோள் மாட்டியது. இரண்டு கதவும் இரண்டு தோளையும் கவ்விக்கொண்டன. முகவாய் நெஞ்சில் இடித்தது. கண்ணுக்குத் தெரிந்தது தரை ஓடு ஒரு துண்டு மட்டும். இன்னும் கொஞ்சம்... கால் கட்டைவிரலை ஊன்றி ஒரு எம்பு எம்பினார்.

உச்சந்தலையில் ஒரு கை வந்து அமர்ந்தது.

வெதுவெதுப்பான கை. இரப்பர் போட்ட கை. அடிக்கவில்லை, பிடித்து இழுக்கவில்லை. உள்ளங்கையைக் குழித்து, விரல்களை விரித்து, பக்குவமாக, அனுபவசாலியின் கை மாதிரி... தலையை உள்ளே வைத்து அழுத்தியது.

மாவு வாசனை மூக்கில் ஏறியது.

"விடு... யாரு... விடு!"

கை அழுத்தியது. முன்னால் போக முடியவில்லை. பின்னால் வரவும் முடியவில்லை, தோளைக் கதவு பிடித்திருக்கிறது. முக்காலி காலடியிலிருந்து நழுவி விழுந்தது. இப்போது உடம்பு முழுக்க அந்த இடுக்கில் தொங்குகிறது. கழுத்து மடிந்து மூச்சுக் குழல் நசுங்கியது. காதுக்குள் தன் இருதயம் அடிப்பது தவிர வேறு சத்தம் இல்லை. அதுவும் முதலில் வேகமாக அடித்தது, அப்புறம் மெதுவாக... அப்புறம் ரொம்ப மெதுவாக. இருதயச் சத்தம் அப்படிக் குறைந்தால் என்ன அர்த்தம் என்று தினமும் கருவியில் கேட்டவர் அவர். தெரிந்தும் அசைய முடியவில்லை. ஐயோ, இது இப்படியா இருக்கும்... இப்படியா இருந்திருக்கும் என்று நினைத்தாராம். அழுகை வந்தது. அழக்கூட மூச்சு இல்லை.

தலைக்கு மேலே ஒரு குரல் பேசியது. கோபம் இல்லாத குரல். வேலை தெரிந்த குரல்.

"அவசரப்படாதம்மா. அடக்கிக்கோ. வாயால மூச்சு விடு. டாக்டர் வரட்டும்."

சித்தியின் குரல் அது. அவருடைய குரலை அவரே வெளியில் இருந்து கேட்டார்.

எவ்வளவு நேரம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. விடு, விடு, விடு என்று வாய் அசைந்துகொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறதாம். மகளின் சத்தம் நின்றுபோனது தெரிந்ததாம். அப்புறம் எதுவும் தெரியவில்லை.

கீழே வாட்ச்மேன் பட்டனை அழுத்தி அழுத்தி ஓய்ந்து போயிருந்தார். நடுவில் வந்த டாக்டரம்மா, தன்னிடம் மட்டும் சாவி இருக்கிற பின்படிக் கதவைத் திறந்து, உள்பக்கம் பூட்டிக்கொண்டு ஏறிப் போயிருந்தார். திடீரென்று லிஃப்ட் தானாகவே இறங்கி வந்தது. கதவு திறந்தது. விளக்கு பளிச்சென்று எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. உள்ளே தரையில் சித்தி. முழங்காலை வயிற்றோடு மடக்கி, முகவாயை நெஞ்சில் புதைத்து, சுருண்டு கிடந்தார். தலைமுடி முழுக்க ஈரம். வியர்வை என்று முதலில் நினைத்தாராம் வாட்ச்மேன். தொட்டுப் பார்த்தவர் கையை உடனே துடைத்துக்கொண்டார். அது கொழகொழவென்று இருந்தது என்றார். அதற்கு மேல் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சித்தி எழுந்ததும் படிக்கட்டுப் பக்கம் ஓடினார். வாட்ச்மேன் கடப்பாரையால் பூட்டை உடைத்தார். இரண்டு பேரும் நாலு மாடியும் ஏறினார்கள். மனுஷர் நல்லவர், சித்தி விழுந்துவிடாமல் கையைப் பிடித்துக் கூடவே போனார். போகும் வழியில் நாலாவது மாடி லிஃப்டுக் கதவைப் பார்த்தாராம். இறுக மூடியிருந்தது.

பிரசவ அறை வாசலுக்கு வந்தார்கள். மூலையில் வெளிச்சத்துக்கு அடியில் டாக்டரம்மாவும் ஒரு நர்சும் குனிந்து, ஒரு சின்ன உடம்புக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். நீலம். சித்திக்கு அந்த நீலம் தெரியும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் கழித்து, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது.

சித்தி சின்ன நர்சின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏன்டி பிடிச்சீங்க? ஏன்டி பிடிச்சீங்க பாவிகளா?"

அந்தப் பெண் மிரண்டு போய் அவரையே பார்த்தாள். வாசலில் நின்ற வாட்ச்மேனையும் பார்த்தாள்.

"நாங்க எங்க சிஸ்டர் பிடிச்சோம்? நீங்கதானே வந்தீங்க. எங்க யாரையும் கிட்டவே விடலையே. கிளவுஸ் மாட்டிட்டு நீங்களேதானே பிடிச்சிட்டு இருந்தீங்க... டாக்டரம்மா வந்த அப்புறம்தானே கை கழுவ வெளிய போனீங்க?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு நேரமா பிடிப்பாங்க? உங்க பொண்ணுதானே சிஸ்டர்?" என்றார். தான் போட்ட சட்டம் என்பது அவருக்கு அந்த நேரத்தில் நினைவு இருந்ததோ என்னவோ.

வாட்ச்மேன் சத்தியம் செய்கிறார், சிஸ்டர் லிஃப்டுக்குள்தான் இருந்தார் என்று. மேலே நாலு நர்சு சத்தியம் செய்கிறார்கள், சிஸ்டர் தங்கள் கண் முன்னால்தான் நின்றார் என்று. நான் யாரை நம்புவது? வெளியே தாழ்வாரத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவரிடம் ஒரு நர்சு போய், பாடத்தை அப்படியே ஒப்பித்துவிட்டாள், "அக்கா சரியா முக்கல." சித்தி அதைக் காதால் கேட்டார். மறுத்துப் பேச ஓடினார். என்ன சொல்லி மறுப்பது?

என் அண்ணி இதைச் சொல்லிவிட்டு, "தன் வினை தன்னைச் சுடும்" என்றாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எங்கே தன்னைச் சுட்டது? சுட்டது தையல்காரியின் பையனையும் ஒன்றும் அறியாத இந்தப் பச்சைப் பிள்ளையையும்தானே! பழமொழி சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். சித்தி அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை. தையல்காரி வீட்டைத் தேடிப் போய், தப்பு அவள் மேல் இல்லை, தன் கை மேல்தான் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தார். அவள் கதவைச் சாத்தினாளாம். பிறகு பையனைத் தூக்கிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் அவள் வருவதில்லை.

சித்தி இப்போது எந்தக் கதவையும் சாத்தித் தூங்குவதில்லை. குளியலறைக் கதவைக்கூட. பேத்திக்கு வயது ஏறுகிறது, கழுத்து இன்னும் நிற்கவில்லை. மகள் தாயோடு பேசுவதில்லை. பிள்ளையைத் தொடவும் விடுவதில்லை.

ஒரு தடவை அண்ணி அவளைப் பார்க்கப் போயிருந்தாள். மகள் பிள்ளையை மடியில் போட்டுத் தலையைத் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அண்ணி மெல்ல எடுத்துச் சொன்னாள்... உங்கம்மா அன்னிக்கு லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்கம்மா, வாட்ச்மேனே சாட்சி, அது அவங்களா இருக்க முடியாது, யோசிச்சுப் பாரு.

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

"அம்மாவேதான் அக்கா. எனக்குத் தெரியாதா எங்கம்மாவ? என் முகத்துக்கு நேராத்தான் நின்னாங்க. தலைமுடியெல்லாம் ஈரம். நான் கெஞ்சறதுக்கு முன்னாடியே அவங்க அழ ஆரம்பிச்சுட்டாங்க. 'விடு, விடு'ன்னு கத்துனது நான் இல்ல அக்கா, அவங்கதான். கத்திக்கிட்டே அவங்க கையை அவங்களே பாத்துட்டு நின்னாங்க... எடுக்கவே இல்ல."